நாலு கால் சுழல் நாற்காலி

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு ஒரு பெண் பார்த்துவிட்டேன். உடம்பு எப்படி, மனசு எப்படி என்பதெல்லாம் கடைசியில். முதலில் விஷயம்.

பெண் பிசியோதெரபிஸ்ட். சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறாள். போன மாதம், வருகிறவர்கள் உட்கார பன்னிரண்டு சேர் வேண்டும் என்று கடைக்கு வந்தாள். என்னிடம் உள்ளது எல்லாமே பழைய சேர்தான் என்று தெரிந்துதான் வந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்து, மூன்றை மட்டும் தனியே தள்ளி வைத்தாள். "இதுல உக்காந்தா எனக்குத்தான் வரும்படி, ஆனா வேண்டாம்" என்றாள். அந்த மூன்றும் நான் கால் ஒட்டவைத்து, பாலிஷ் போட்டு மறைத்தவை. இருபத்திரண்டு வருஷ வியாபாரத்தில் என் ஒட்டைக் கண்டுபிடித்த முதல் ஆள். அங்கேயே நின்றபடி முடிவு செய்துவிட்டேன்.

அவள் அம்மா வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை எண்ணுகிறவர். உன்னைப் பற்றி எல்லாம் சொன்னேன்: முப்பத்து நாலு வயது, பன்னிரண்டு வருஷமாக ஆங்கிலம்-தமிழ் அகராதி ஆபீஸில் வேலை, குடி கிடையாது, கோபம் கிடையாது. எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பையன் செட்டில் ஆயிட்டாரா?"

பதிலை உன் கையெழுத்திலேயே பார்க்க வேண்டுமாம். எனக்கும் அதுதான் சரி. போனில் கேட்டால் நீ "ம்" என்பாய். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எழுதினால்தான் நீ பேசுகிறாய். ஆம் என்று ஒரு வரி எழுதிப் போடு.

எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அக்கா

*

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் குறைந்தது கேட்டு நிம்மதி.

நீ கேட்ட சமயம் விசித்திரமானது. நான் இப்போது அந்தச் சொல்லில்தான் இருக்கிறேன். சின்னச் சொல் என்று நினைத்து உள்ளே போனேன். வெளியே வர வழி தெரியவில்லை. பறவை கிளையில் வந்து அமர்ந்தால் செட்டில். தூசி படிந்தால் செட்டில். டீயில் தூள் அடியில் இறங்கினால் செட்டில். ஊர்விட்டு ஊர் போய்க் குடியேறினால், வழக்கை முடித்தால், பில்லைக் கட்டினால், எல்லாம் அதே சொல். புது வீட்டின் அஸ்திவாரம் மண்ணில் இறங்கிச் சுவரில் விரிசல் விடுவதற்கும் வீடு செட்டில் ஆகிறது என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். ஆகவே அந்த அம்மா எந்தப் பொருளில் கேட்டார் என்று தெரியாமல் ஆம் என்று எழுதுவது நியாயமாக இருக்காது.

மூலம் இன்னும் சுவையானது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இது இருக்கை என்ற சொல்லிலிருந்து வந்தது. உட்காரவைப்பது என்பதுதான் முதல் பொருள். நீ விற்பதும் அதைத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமான மேசையை நீயே தூக்காதே.

தம்பி

*

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கேட்டது ஒரு வரி. நீ அனுப்பியது ஒரு பக்கம். அதில் பறவை இருக்கிறது, தூசி இருக்கிறது, நீ மட்டும் இல்லை.

அந்த அம்மா பறவையைப் பற்றிக் கேட்கவில்லை. மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறதா, சொந்தமாக ஒரு கட்டிலும் பீரோவும் இருக்கிறதா, நாளைக்கும் அதே ஆபீஸுக்குத்தான் போவானா, இவ்வளவுதான் கேட்கிறார். விரிசல் விட்ட வீட்டைப் பற்றி நான் அவரிடம் வாய் திறக்கவில்லை. நீயும் திறக்காதே.

இன்னொன்று. எப்போதும் ஆபீஸ் பெயர் அச்சடித்த தடித்த தாளில் எழுதுவாய். இந்தத் தடவை கோடு போட்ட நோட்டுத் தாள். ஒரு ஓரம் கிழிந்திருக்கிறது. ஆபீஸில் தாளுக்குப் பஞ்சமா?

பெண் நேற்று வந்து ஒரு மேசை வாங்கிப்போனாள். "உங்க தம்பி எழுதிட்டாரா?" என்று கேட்கவில்லை. ஆனால் பில் போட்டு முடித்த பிறகும் ஐந்து நிமிஷம் நின்றாள். என் கடையில் பில் போட்ட பிறகு யாரும் நிற்க மாட்டார்கள்.

மாசக் கடைசிக்குள் பதில் வேண்டும். முழங்கால் அப்படியே. உன் கண் எப்படி இருக்கிறது?

அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கண்ணும் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலை அதிகம்.

ஆம். செட்டில் ஆகிவிட்டேன். அந்த அம்மாவிடம் காட்டு.

தாள் விஷயம்: ஆபீஸில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுகிறார்கள். பழைய தாளை நிறுத்திவிட்டார்கள், புதியது இன்னும் அச்சாகி வரவில்லை. நிர்வாகம் இப்போது மிகத் தாராளமாக இருக்கிறது. உனக்குப் பிடித்த செய்தி ஒன்று: எங்கள் எல்லோருக்கும் புத்தம்புதிய நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். கறுப்பு உறை, சுழலும், நாலு காலிலும் சக்கரம். நன்றாக உட்கார முடிகிறது. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

அந்தச் சொல்லை இன்னும் முடிக்கவில்லை. அகலம் அதிகம்.

தம்பி

*

ஜூலை 13

அன்புள்ள தம்பிக்கு,

ஆம் என்று எழுதியதற்கு சந்தோஷம். அந்த அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. வெயில் தணியட்டும் என்று வைத்திருக்கிறேன்.

நாற்காலி விஷயம் எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது. தொழில் புத்தி, கோபித்துக்கொள்ளாதே. உயரம் ஏற்ற இறக்க, பக்கத்தில் பிடி இருக்கிறதா, இல்லை அடியில் திருகுகிறாயா? முதுகு வலையா, துணியா? கால் நாலுதானா? எழுந்து, குனிந்து, எண்ணிப் பார்த்து எழுது. சரக்கு நல்லதாக இருந்தால் எங்கே வாங்கினார்கள் என்று கேட்டு நானும் வாங்குவேன்.

நம் அளவுநாடா வருகிற வாரம் உன் ஊர்ப் பக்கம் வருகிறார். உனக்கு நினைவிருக்கும், என் கமிஷன் ஆள், கழுத்தில் மாலை மாதிரி டேப்பைப் போட்டுக்கொண்டே திரிவாரே, அவர்தான். உன் ஆபீஸில் நுழைந்து ஒரு தடவை அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லட்டுமா?

உன் கடிதத்தில் வரிகள் எல்லாம் வலப்பக்கம் சரிகின்றன. மேசை மேல் எழுதினால் இப்படிச் சரியாது. கை வலிக்கிறதா?

அக்கா

*

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அளவுநாடாவை அனுப்ப வேண்டாம். ஆபீஸில் வெள்ளையடிக்கிறார்கள். வெளியாள் யாரையும் விடுவதில்லை. அவருக்கு வாசனை ஒத்துக்கொள்ளாது.

நீ சொன்னபடி குனிந்து எண்ணினேன். நாலு கால்தான். இரண்டு தடவை எண்ணினேன். அடியில் திருக வேண்டும். துணி முதுகு. மிக உறுதி. கொஞ்சம் இடப்பக்கம் சாயும், ஆனால் பழகிவிடும்.

கை வலி இல்லை. நலம், நலம்.

தம்பி

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மழை. கடையில் கூட்டம் இல்லை. ஆகவே வியாபாரச் செய்தி எழுதுகிறேன்.

புதிதாக ஒரு லாட் எடுத்தேன். மூடிப்போன ஆபீஸ் ஒன்றின் சாமான். மேசை பதினொன்று, சேர் இருபத்தாறு, எழுபத்திரண்டு டிராயரிலும் சீட்டு நிரம்பிய மரப் பெட்டி ஒன்று. ஆறு மாசமாகப் பூட்டிக் கிடந்ததாம். கட்டடக்காரர் இடத்தைக் காலி செய்தால் போதும் என்று இருந்தார். அளவுநாடா பேசி முடித்துவிட்டார். வெள்ளையடித்த வாசனை எதுவும் இல்லை என்றார்.

நான் எந்த லாட் வந்தாலும் முதலில் டிராயரைத் திறப்பேன். விலை போடுவது அப்புறம். ஆள் எப்படிப்பட்டவர் என்று டிராயர் சொல்லிவிடும். ஜன்னலோர மேசையின் டிராயரில் உடைந்த கண்ணாடிக் கூடு ஒன்று, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று, நானூறு சீட்டு. நானூறிலும் ஒரே ஆங்கிலச் சொல். பறவை, தூசி, டீத்தூள் எல்லாம் வரிசையாக இருக்கிறது. கடைசிச் சீட்டில் மேலே அந்தச் சொல்லை எழுதி, கீழே "தமிழில்:" என்று போட்டு, வெறுமையாக விட்டிருக்கிறது. தேதி ஜனவரி 30.

அந்த மேசைக்கு முன்னால் இருந்த சேரும் வந்திருக்கிறது. கறுப்புத் துணி, அடியில் திருகு, இடப்பக்கம் சாய்கிறது. கால் நாலு.

தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவைக்கிறேன், எப்போதாவது உதவும். சக்கரம் வைத்த சேருக்கு இப்போதெல்லாம் ஐந்து கால். நாலு காலாக இருந்தால் சாய்ந்து உட்காரும்போது கவிழ்ந்துவிடும் என்று அதைச் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. புத்தம்புதிய நாலு கால் சுழல் நாற்காலியை நான் பார்த்ததே இல்லை.

எப்போது வருகிறாய்? முழங்கால் மழைக்கு இழுக்கிறது.

அக்கா

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நீ நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன்.

பழைய பேப்பர்காரர் வந்திருந்தார். பெட்டியைக் காலி செய்துகொடுத்தால் சீட்டுக்கு கிலோ பதினொன்று தருகிறேன் என்றார். நூற்றெண்பது கிலோ தேறும் என்கிறார். பெட்டி காலியாக இருந்தால்தான் விலை போகும். திருகு, ஆணி விற்கிற கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே ஆசைப்பட்டுப் பார்த்துவிட்டுப் போனார். பேப்பர்காரரிடம் வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 27

அக்கா,

சீட்டைக் கொடுத்துவிடாதே. தயவுசெய்து. அதில் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது.

ஜனவரியில் முதலாளி அகராதியை நிறுத்திவிட்டார். பரீட்சை கைடு போட்டால் போட்டவுடன் போகிறதாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் போனேன். பூட்டில் என் சாவி நுழையவில்லை. சாவிதான் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, சாவிக்காரரிடம் போய்ப் புதிது செய்துகொண்டு வந்தேன். அதுவும் நுழையவில்லை. பிறகுதான் மேலே பார்த்தேன். பூட்டு வேறு.

இப்போது மின்சாதனங்களோடு பெட்டிக்குள் வரும் சீட்டுகளைத் தமிழில் பெயர்க்கிறேன். குக்கர், இஸ்திரிப்பெட்டி, தலைமுடி உலர்த்தி. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கிறது. மேசை கிடையாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். வரி சரிவது அதனால்தான். நாற்காலியைப் பற்றிப் பொய் சொல்ல உட்கார்ந்தபோது எனக்கு அந்த ஒன்று மட்டும்தான் மனசில் வந்தது. பன்னிரண்டு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தேன். எல்லாச் சுழல் நாற்காலிக்கும் நாலு கால்தான் என்று நம்பியிருந்தேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ பணம் அனுப்புவாய். அதற்குப் பயந்தேன்.

அந்த அம்மாவுக்கு என் பதிலை மாற்றிவிடு: இல்லை, செட்டில் ஆகவில்லை. ஜூலைக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அந்தப் பெண்ணிடம் நான் பொய் எழுதியதையும் சொல்லிவிடு.

காலியாக விட்ட சீட்டில் பென்சிலால் இதை எழுதி வை. பழைய ஆங்கிலத்தில் இன்னொரு சொல் இருந்தது. சண்டைக்காரர்களைச் சமாதானம் செய்வது என்று பொருள். இருக்கைச் சொல்லும் அதுவும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஆகவே: "உட்கார இடம் கிடைத்தல், மனம் அடங்குதல்." ஏழு மாசம் யோசித்தேன். இதைவிட நல்லது அகப்படவில்லை.

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி

*

செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

எழுதிவிட்டேன். பென்சிலால் அல்ல, பேனாவால். என் கையெழுத்து கொஞ்சம் பெரிது, பொறுத்துக்கொள்.

பேப்பர்காரர் வந்தது உண்மை, விலை சொன்னதும் உண்மை. கொடுக்கிற எண்ணம் எனக்கு ஒரு நிமிஷமும் இருந்ததில்லை. உன்னைப் பேசவைக்க வேறு வழி தெரியவில்லை. நீ பொய் சொன்னாய், நான் பயமுறுத்தினேன். சரிக்குச் சரி.

இனி பெண் வீட்டுச் சமாசாரம். ஜூலைக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. எல்லாக் கடிதத்தையும் அடுக்கி, அம்மாவையும் பெண்ணையும் கடைக்கு வரச் சொல்லி, கையில் கொடுத்துவிட்டேன். சரக்கில் ஒட்டு இருந்தால் நானே காட்டிவிடுவது என்று இந்தப் பெண் வந்த நாளிலிருந்து ஒரு கொள்கை வைத்திருக்கிறேன்.

அம்மா எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தார். "ஆமாம்னு ஒண்ணு, இல்லைன்னு ஒண்ணு. எதை நம்பறது?"

"பின்னால வந்ததை நம்புங்க," என்றேன்.

"வேலை இல்லாதவருக்கு எப்படிம்மா பொண்ணைக் கொடுக்கிறது?"

"வேலை இருக்குங்க. அதுக்குக் காசு கொடுக்கத்தான் ஆள் இல்ல."

இதற்குள் பெண்ணைக் காணோம். தேடினால், குடோன் தரையில் அந்த எழுபத்திரண்டு டிராயர் பெட்டிக்கு எதிரே குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரையும் தரையில் குனிந்து உட்காராதே என்று திட்டுகிறவள். மடியில் உன் நானூறு சீட்டு. தூசி பற்றிய சீட்டைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவர் எழுதறப்ப எதுல உக்காருறார்?" என்று கேட்டாள்.

"கட்டில் ஓரத்துல."

"எத்தனை மாசமா?"

"ஏழு."

"முதுகு போயிருக்கும்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "செட்டில் ஆகலைன்னு கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட மாப்பிள்ளையை நான் இப்பதான் பாக்கறேன். போன வருஷம் வந்த மூணு பேரும் ஆயாச்சுன்னாங்க. ஒருத்தர் வந்த காரே வாடகைக் கார்."

அம்மா, "நீ சும்மா இரு," என்றார். ஆனால் கடிதக் கட்டைத் திருப்பித் தரவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டார். ஆறு மாசம் கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்பாராம். அதுவரை வேறு இடம் பார்க்க மாட்டார்களாம். என் அனுபவத்தில் இது முன்பணம் வாங்கியதற்குச் சமம்.

ஆகவே இப்போது வியாபாரம் பேசுவோம். பணம் அனுப்பமாட்டேன், உன் பயம் தீரட்டும். குடோன் மாடியில் அறை ஒன்று இருக்கிறது. கிழக்கே ஜன்னல். உன் மேசையையும் சீட்டுப் பெட்டியையும் அங்கே ஏற்றிவிட்டேன். ஆறு பேர் தூக்கினார்கள், அளவுநாடா அளந்தார். காலை எட்டு முதல் ஒன்று வரை அகராதி. இரண்டு முதல் ஆறு வரை என் கடை: விலைப்பட்டியல், கம்பெனிகளுக்குக் கடிதம், இரண்டு மொழியிலும். மாசம் பதினாறாயிரம். ஆபீஸ் கொடுத்ததைவிடக் குறைவு என்று தெரியும். ஆனால் என் கடையில் பூட்டு மாறாது.

நாலு கால் சேர் கிடையாது. அதை ஷோரூமில் மாட்டிவைத்திருக்கிறேன், விற்பனைக்கு இல்லை. பெண்ணே ஒரு ஐந்து கால் சேரைத் தேர்ந்தெடுத்து, இடுப்புக்கு அணை வைத்து, உன் பெயர் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். விலை நாலாயிரத்து இருநூறு. உனக்கு மூவாயிரத்து எழுநூற்றைம்பது. சும்மா தரமாட்டேன், சும்மா வந்த சேரில் நீ நிமிர்ந்து உட்காரமாட்டாய். மாசம் முந்நூற்று எழுபத்தைந்து பிடித்துக்கொள்கிறேன், பத்து மாசம்.

சம்மதமா? ஒரு வரி போதும். முழங்கால் நேற்றிலிருந்து வலிக்கவில்லை.

அக்கா

*

செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே.

உன் நிபந்தனைகளைப் படித்தேன். அறை, சம்மதம். நேரம், சம்மதம். சம்பளம், சம்மதம். நாற்காலியில் மட்டும் பேரம் பேச வேண்டியிருக்கிறது. முந்நூற்று எழுபத்தைந்து எனக்குக் கட்டாது. மாசம் இருநூற்றைம்பதுதான் தருவேன். பதினைந்து மாசம். இதற்குக் குறைவான காலத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குக்கர் சீட்டு ஒன்று பாக்கி. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன். மூடியை எப்படித் திறப்பது என்பதை இவர்கள் ஆங்கிலத்திலேயே தப்பாக எழுதியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்யாமல் கிளம்பினால் யாருக்காவது கை சுடும்.

அந்தத் தூசிச் சீட்டில் எந்த வரிக்குச் சிரித்தாள்?

தம்பி

*

செப்டம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

பிறந்ததிலிருந்து நீ பேரம் பேசி இன்றுதான் பார்க்கிறேன். கம்மியாகக் கட்டி அதிக நாள் இருக்கப் பார்க்கிறாய். எனக்கு நஷ்டம், ஆனால் எழுத்தில் கொடுத்துவிட்டாய், இனி நீயே நினைத்தாலும் மாற்ற முடியாது. எந்த வரி என்று அவளிடமே கேள். வருகிற செவ்வாய் மாலை உன் முதுகைப் பார்க்க வருகிறாள், கட்டணம் உண்டு என்று சொல்லச் சொன்னாள். நான் நலம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

ஐந்து கால் சேர் ஒன்று. மூவாயிரத்து எழுநூற்றைம்பது. மாசம் இருநூற்றைம்பது, பதினைந்து மாசம். ஒப்புக்கொண்டேன்.

அக்கா